முன்காலும் பின்காலும்

அந்த ஊருக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடல் எங்கே என்று கேட்பார்கள். காற்று முகத்தில் உப்பை அப்பிக்கொண்டிருக்கும், அலைச்சத்தம் காதைப் பிடுங்கும், இருந்தாலும் கேட்பார்கள். அடுத்த கேள்வி, பழைய கட்டடமெல்லாம் எந்தப் பக்கம் என்பது. இந்த இரண்டு கேள்விகளை நம்பித்தான் பஸ் நிலையத்துக்கு எதிரே நடை அலுவலகம் என்று ஓர் அறை இருந்தது. காலையில் ஒரு நடை, வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை. கோட்டை வாசலில் தொடங்கும். கூரை போன தூண் மண்டபம், கடலைப் பார்த்து வரிசையாகக் கிடக்கும் கல்லறைகள், முழங்கை மாதிரி நடுவில் மடங்கி நிற்கும் உடைந்த சுவர், அதை ஒட்டிச் சின்னக் கடற்கரை, கலங்கரை விளக்கம், பிறகு மணல் வழியாகவே ஊர். எதையும் யார் கட்டினார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அதனால் வழிகாட்டி சொல்வதுதான் வரலாறு.

நடையை நடத்தியது ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் முன்னால் போவார், பேசுவார். அவள் கடைசியில் வருவாள், பேசமாட்டாள். கடைசி ஆளுக்கு ஒரே சட்டம்தான்: யாரையும் முந்தக்கூடாது. முட்டிவலிக்காரர் உட்கார்ந்தால் அவளும் உட்கார வேண்டும். தூணைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறவருக்கு முடி பறந்து படம் கெட்டுப்போனால், மறுபடி எடுத்து முடிக்கும்வரை அவளும் நிற்க வேண்டும். கையில் மஞ்சள் குடை வைத்திருப்பாள். வழி வளைகிற இடங்களில் அவர் திரும்பிப் பார்ப்பார். குடை உயர்ந்தால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், மேலே நடப்பார். டீக்கடைக்காரர்தான் அவர்களுக்கு முன்கால், பின்கால் என்று பெயர் வைத்தார். "நடுவுல அத்தனை பேரு வயிறு மாதிரி தொங்குறாங்க, மொத்தத்துல ஒரே மிருகம்" என்பார். ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து யாரும் பார்த்ததில்லை என்பது அந்தக் கடையில் பழசாகாத கிண்டல்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நடைக்கு வருவாள். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் என்று, மற்றவர்கள் மூச்சு வாங்க ஒருமுறை நடக்கிற தூரத்தை அவள் நாலு முறை ஓடுவாள். போன மழைக்கு முன்னால், ஒரு காலை நடையில், உடைந்த சுவருக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பாறைக் குழியில் அவள் விழுந்து இறந்துபோனாள். அலை ஏறும்போது நிரம்பி, இறங்கும்போது ஆளை இழுக்கிற குழி அது. கலங்கரை விளக்கத்தடியில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளை இல்லை என்பதே தெரிந்தது. அம்மாவோடு இருக்கிறாள் என்று அவர் இருந்துவிட்டார். அப்பாவோடு இருக்கிறாள் என்று அவள் இருந்துவிட்டாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: "அப்பாகிட்ட போறேன்னா. சரி போன்னு விட்டேன்." அவரிடம் கேட்டார்கள்: "உங்ககிட்ட வந்துச்சா?" அவர் தலையை ஆட்டினார். வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஊரான் வீட்டு ஆளுங்களையெல்லாம் ஒருத்தர் விடாம கொண்டுவந்து சேக்கறவ, பெத்த பிள்ளைய விட்டுட்டாளே" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அழுகை சீக்கிரமே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க ஆகிவிட்டது அவளுக்கு. கொதிக்கிற டீயை அப்படியே குடித்தாள். நாக்கு பொத்துப்போனது அடுத்த நாள்தான் தெரிந்தது. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தாள். நடை அலுவலக மேனேஜர் நல்ல மனுஷன். சின்னக் கடற்கரைக்குப் போகும் வழியில் கயிறு கட்டி, நடையைக் கல்லறைகளிலிருந்து மேட்டுத் தார்ச்சாலை வழியாகத் திருப்பிவிட்டார். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றும் சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்வது? இருவரும் வேலைக்கு வந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். வீட்டிலும் அதே தூரம்தான். உப்பு போதுமா, குடை காஞ்சிடுச்சா, கதவைச் சாத்திட்டியா என்பதைத் தாண்டி அந்த இரண்டு அறைகளில் பேச்சு நடக்கவில்லை. பாப்பா என்ற சொல்லை இருவருமே வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய அண்ணன் வந்தார். வெளியூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. பெரிய பை ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அடுப்படியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாயந்திர பஸ்ஸுல ரெண்டு சீட்டு சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

"காலை நடை இருக்குண்ணே. முடிச்சிட்டு வர்றேன்."

"அது எங்க ஓடிப்போகுது? நீ வரலேன்னா கடல வத்த வச்சிடுவாங்களா?"

"கடைசில ஒரு ஆளு வேணும்ணே."

"உனக்கு ஒரு ஆளு வேணாமா?" சொல்லிவிட்டு அண்ணன் வாசலைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ இஷ்டம் மச்சான்."

"நேத்து அவளக் கேட்டேன், அவரு இஷ்டம்னா. இன்னைக்கு உங்களக் கேட்டா அவ இஷ்டம்ங்கிறீங்க. ரெண்டு பேரு இஷ்டத்தையும் நான் எந்தக் கடையில போய்த் தேடுறது?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனே கொஞ்சம் சிரித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்க அண்ணி மெத்தையெல்லாம் வெயில்ல போட்டு எடுத்து வச்சிருக்கா. பின்பக்க ரூம்ல இருந்த டயரெல்லாம் காலி பண்ணிட்டேன். வந்து இரு. எத்தனை நாளுன்னு நான் கேக்க மாட்டேன், அவளும் கேக்க மாட்டா."

எத்தனை நாள் என்று கேட்காத இடத்திலிருந்து யாரும் திரும்பி வருவதில்லை. அது அடுப்படியில் இருந்தவளுக்கும் தெரிந்தது, வாசல்படியில் இருந்தவருக்கும் தெரிந்தது. போனால் இந்தக் குடும்பம் இத்தோடு முடிந்தது. முட்டை ஓரம் கருகியதைப் பார்த்துக்கொண்டே அவள் அதைத் திருப்பிப் போடாமல் நின்றாள். "சரிண்ணே" என்றாள் பிறகு. வாசலில் ஷூ தட்டும் சத்தம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

அன்றைய கூட்டம் சுமாரான கூட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள், முதுகில் பை மாட்டிய கல்லூரிப் பெண்கள், ஒரு சின்னப் பையனோடு வந்த குடும்பம். காலையிலேயே வெயில் பழி வாங்கியது. பையனுடைய அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் கடைசியில், பின்காலுக்கு முன்னால் சாய்ந்து சாய்ந்து வந்தாள். அப்பா நடுவில் போனில் யாரையோ திட்டிக்கொண்டு வந்தார். பையன் குட்டி போட்ட பூனை மாதிரி முன்னாலும் பின்னாலும் அலைந்தான்.

"கொஞ்சம் நில்லேன்டா" என்றாள் அவன் அம்மா. பிறகு பின்காலிடம், "உங்களுக்குப் பசங்க இருக்காங்களாக்கா?" என்றாள்.

"பாத்து வாங்க, கல்லு ஆடுது" என்றாள் அவள்.

கல்லறைகளிடம் முன்கால் தன் பேச்சைத் தொடங்கியிருந்தார். "இதுல படுத்திருக்கறவரு ராஜான்னு ஒரு கட்சி, கப்பல் வியாபாரின்னு ஒரு கட்சி. நான் எந்தக் கட்சின்னு கேட்டீங்கன்னா, நீங்க எந்தக் கட்சியோ அந்தக் கட்சி." வழக்கமாகச் சிரிப்பு வரும் இடம், வந்தது. அப்போது பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, எங்கம்மா எங்க?"

"பின்னால இருக்காங்க பாரு, அம்மாகிட்ட போ" என்றார் அவர். சொல்லும்போதே அவர் கை தானாக உயர்ந்து வந்த வழியைக் காட்டியது. பையன் ஓட எத்தனித்தான். அவர் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் பையன் அழப்போனான்.

"எல்லாரும் இங்கயே நில்லுங்க. யாரும் நகரக்கூடாது" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவள் ஏறிவரும்போது அவர் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். முன்கால் பின்னோக்கி வந்து அவள் பார்த்ததே இல்லை. யாருக்கோ மயக்கம் போட்டுவிட்டது என்று நினைத்தாள். அவர் பையனின் கையை அவன் அம்மாவின் கையில் வைத்து, சரியாகப் பிடித்தாளா என்று பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"முன்னால ஆளில்லாம நிக்கிறாங்க. போங்க."

"ம்" என்றார். ஆனாலும் போகவில்லை. அவர் கழுத்திலிருந்து வியர்வை வழிந்து சட்டைக்குள் போவதை அவள் பார்த்தாள். மேலேயிருந்து யாரோ, "அண்ணே, ராஜாவே எந்திரிச்சி வந்துடுவாரு போலிருக்கு, வாங்கண்ணே" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் போனார்.

சாயந்திர நடைக்கு அன்று யாரும் பேர் கொடுக்கவில்லை. மத்தியானம் அண்ணன் வழிக்கு ரொட்டியும் பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவள் கட்டிலின் மேல் துணிகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து நின்றார். ஷூவைக் கழற்றவில்லை.

"அவ வந்தா" என்றார்.

"யாரு?"

"பாப்பா."

அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. அதை மடித்தாள்.

"அன்னைக்கு எங்கிட்ட வந்து சேந்தா. நீ அனுப்பினே, அவ வந்து சேந்தா. சுவர் முனையில நின்னு பேசிட்டிருந்தேன். ஒரு செருப்பு வாரு அறுந்துடுச்சு, கையில வச்சிருந்தா. கால் வலிக்குது, தூக்குப்பான்னா. நான் கதை சொல்லிட்டிருந்தேன். எல்லாரும் சிரிக்கிற இடம் வரப்போகுது. பேசிட்டிருக்கேன்ல, அம்மாகிட்ட போன்னேன்."

அவள் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"கேக்க வந்தாங்களே, அப்ப தலைய ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேனா, இல்லேன்னு ஆட்டினேனா, சத்தியமா எனக்கே தெரியல. அவங்க இல்லேன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஊரே உன்னப் பேசுச்சு. இன்னைக்குச் சொல்லிடணும், இன்னைக்குச் சொல்லிடணும்னு தினம் வாயத் தொறப்பேன். நீ உப்பு போதுமாம்பே. போதும்னுடுவேன்."

அவள் கத்துவாள், பையைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒத்தச் செருப்போடதான் எடுத்தாங்க" என்றாள். "தண்ணில விளையாடப் போயி கழட்டியிருப்பான்னு நெனச்சேன்."

"வாரு அறுந்துடுச்சு."

"அப்ப, நான் விட்டதுக்கு அப்புறமும் அவ பேசியிருக்கா."

"ம்."

"அப்பாகிட்ட போறேன்னு சொன்னதுதான் கடைசின்னு நெனச்சிட்டிருக்கேன் நான். அதையே வச்சுக்கிட்டுப் படுத்து, அதையே வச்சுக்கிட்டு எந்திரிக்கிறேன். அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அவ இருந்திருக்கா. அத நீ மட்டும் வச்சிருந்திருக்கே."

அவள் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது தெரியவில்லை. கோபம் வந்திருந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, அந்த மாதிரி நெஞ்சிலும் கையிலும் குத்திக்கொண்டு வந்தது. பிள்ளையைத் திருப்பி அனுப்பினதற்காக அல்ல. அவள் அனுப்பவில்லையா, அதே மாதிரிதான் அவரும் அனுப்பினார். அதை மறைத்து ஊர்ப் பேச்சை அவள் தலையில் விட்டதுகூடப் பிறகுதான். பிள்ளை பேசிய நாலு வார்த்தையைத் தராமல் வைத்துக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வேற என்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு."

"அம்மாகிட்ட போன்னேனா, அம்மா எங்கன்னு கேட்டா. அதோ மஞ்சக் குடை தெரியுது பாருன்னு கை காட்டினேன். தெரியுதான்னேன். தெரியுதுன்னா. போயிட்டா."

"எங்க நின்னு கை காட்டினே?"

"சுவரு முனையில, சொன்னேனே."

"வா" என்று எழுந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தாள்.

தெருவில் டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு வாயைப் பிளந்து பார்த்தார். ரெண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. கிண்டல் வாய் வரை வந்தும், அவள் முகத்தைப் பார்த்து கிளாஸைக் கழுவப் போய்விட்டார். கல்லறைகளைத் தாண்டி, மேனேஜர் கட்டிய கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனார்கள். மழைக்குப் பிறகு யாரும் நடக்காததால் வழி முழுக்கப் புல் மண்டியிருந்தது. வெயில் சாய்ந்து, சுவரின் நிழல் பாதையின் மேல் விழுந்திருந்தது.

சுவர் மடங்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு. அன்று ஒரு முட்டிவலிக்காரரோடு அவள் நின்றிருந்த இடம் அதுதான். குடையை விரித்து, காம்பைப் பாறை இடுக்கில் செருகி, ஆட்டிப் பார்த்தாள். நின்றது. அங்கிருந்து பாதை சுவரை ஒட்டி வளைந்து சுற்றிப் போகிறது. இருவரும் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போனார்கள்.

"இங்கதான்" என்றார்.

"கை காட்டு."

அவர் காட்டினார். பாதையைக் காட்டவில்லை; நேராகக் காட்டினார். சுவரின் மடங்கலுக்கு மேலே, நேர்க்கோட்டில், மஞ்சள் குடை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எந்த வழிகாட்டியும் அப்படித்தான் காட்டுவான்.

"தெரியுதா?" என்றார் அவர். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தெரியுது" என்றாள். பிறகு அவர் இடுப்பளவுக்கு, பிள்ளையின் உயரத்துக்கு, குந்தி உட்கார்ந்தாள். குடை போய்விட்டது. முன்னால் கல் மட்டும் நின்றது. தலைக்கு மேலே நீண்டிருந்த அவர் விரல், சுவரில் கற்கள் சரிந்து திறந்திருந்த இடைவெளியைக் காட்டியது. இடைவெளிக்கு அந்தப் பக்கம் பாறை, பாறைக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரு" என்றாள்.

"என்ன?"

"இங்க உக்காந்து பாரு."

அவர் குந்தினார். பார்த்தார். ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு மறுபடி குந்தினார். அத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று கதை சொன்னவர், ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

"தெரியுதுன்னாளே" என்றார். "நான் கேட்டேன். தெரியுதுன்னு சொன்னாளே."

"அவ எதத் தெரியலேன்னு சொல்லியிருக்கா? கணக்கு தெரியுமான்னா தெரியும்பா, நீந்தத் தெரியுமான்னா தெரியும்பா. வாயத் தொறந்தா தெரியும் தெரியும்தான். அப்படியே உன்ன உரிச்சு வச்சவ." சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து பாதியில் கோணியது. "அவ விளையாடப் போகல. நீ காட்டின பக்கமாத்தான் போயிருக்கா. என்னத் தேடித்தான் வந்திருக்கா."

அவர் இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அவளுக்கும் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, வரட்டும் என்று விட்டாள். தொட்டுக்கொள்ளாமல், தோளோடு தோள் ஒட்டாமல், சுவருக்கு இந்தப் பக்கம் குந்தியே இருந்தார்கள். குழியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் போன் அடித்தது. அண்ணன்.

"எங்கம்மா இருக்கே? பஸ்ஸு வந்து நிக்குது. வீட்ல வந்து பாத்தா பை திறந்தபடி கிடக்கு. டிரைவரு ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறான்."

"நீங்க கிளம்புங்கண்ணே."

"என்ன, கிளம்புறதா? என்னாச்சு? மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னாரா? சண்டையா?"

"சண்டைதான்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "பாப்பாவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ணே."

அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன், "பேசுங்கம்மா" என்றார். "பேசுங்க, பேசுங்க. நான் அண்ணிகிட்டச் சொல்லிக்கிறேன்."

அவள் போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"தூக்குப்பான்னு சொன்னப்ப, கைய நீட்டினாளா?"

"நீட்டினா" என்றார் அவர். "செருப்பு இருந்த கையையும் சேத்து நீட்டினா."